பெடலில் முடுக்கிய செருப்பு

என் சைக்கிள் செருப்பு போட்டிருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இடது பெடலின் மேல் ஒரு இடதுகால் செருப்பை வைத்து, அடியில் ஓட்டை போட்டு, போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கியிருந்தேன். மேலே இழுத்து ஒட்டுகிற பட்டை. காலை நுழைத்துப் பட்டையை ஒட்டிவிட்டால் பாதம் பெடலோடு பெடலாகச் சுற்றும். அந்த ஒற்றைச் செருப்பை வைத்து ஒரு கம்பெனியே என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பிப்போனது. நடப்பேன். கையால் தொடையை ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து நடப்பேன். தொடையில் பலம் உண்டு. பாதம்தான் சொன்ன பேச்சைக் கேட்காது, தொங்கும். சாதாரணப் பெடலில் வைத்தால் அரைச் சுற்றில் வழுக்கிவிடும். பெடல் திரும்பி வந்து எலும்பில் அடிக்கும்.

பதினொன்றாம் வகுப்பில் எல்லாருக்கும் அரசாங்க சைக்கிள் கொடுத்தபோது ஒரு டீச்சர் என்னைப் பார்த்து, "உனக்கு எதுக்கும்மா இது? கையெழுத்துப் போட்டுட்டு உன் தம்பிகிட்ட குடுத்துடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என்னிடம் எதையும் பிடுங்க வந்தவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் வந்திருக்கிறார்கள். என் அம்மா அங்கேயே சண்டைக்கு நின்றாள். "இன்னா டீச்சர், பேரு இவ பேரு, வண்டி மட்டும் அவனுக்கா? நல்லா கீதே ஒங்க நாயம்! அவ ஓட்டுவாளோ, வூட்டுல நிறுத்தி வெச்சுப் பாத்துக்கினு இருப்பாளோ, அது அவ பாடு" என்றாள்.

முதலில் துண்டால் காலைக் கட்டினேன். அவிழ்க்க முடியாமல் வண்டியோடு வயலில் சாய்ந்தேன். பிறகு பழைய டியூபை வெட்டிக் கட்டிப் பார்த்தேன். அது இறுக்கி, கால் நீலமாகிவிட்டது. கடைசியில்தான் செருப்பு. பட்டையை ஒரு இழுப்பில் பிரித்துவிடலாம். அதுதான் அதன் சிறப்பு. காலை எடுத்ததும் செருப்பின் கனத்தில் பெடல் கவிழ்ந்து, செருப்பு தலைகீழாகத் தொங்கும். மழை நாளில் அதுவும் நல்லதுதான், உள்ளே தண்ணீர் நிற்காது. பெடல் செருப்பு தேயும்போது புது ஜோடி வாங்குவேன், வலது செருப்பு சும்மா கிடக்கும். இப்படிச் சேர்ந்த வலது செருப்புகளை அம்மா தூக்கிப் போடவும் மனமில்லாமல், கொடுக்க ஆளும் இல்லாமல் கதவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தாள். எங்கள் ஊர் வடக்குப்பட்டுப் பையன்கள், "இன்னாக்கா, வண்டி செருப்பு மாட்டிக்கினு ரெடியா கீது, நீ இன்னும் கெளம்பலியா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். நான் ஓட்டினேன்.

வல்லம் வடகாலில் கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டித் தருகிற கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. மேஜையில் உட்கார்ந்து, கட்டி முடித்த வயர்களின் முனைகள் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வராது. பஸ் நிற்கிற இடத்துக்குப் போகிற நேரத்தில் நான் சைக்கிளில் கம்பெனிக்கே போய்விடுவேன். கேட்டிலிருந்து வேலை நடக்கிற ஷெட் வரைக்கும் உள்ளே நீளமான ரோடு. சைக்கிள் ஸ்டாண்டு ஷெட்டை ஒட்டி இருந்தது. ஆக, வீட்டு வாசலிலிருந்து மேஜை வரைக்கும் நான் நடக்க வேண்டிய தூரம் மிகக் கொஞ்சம். அதனால்தான் அந்த வேலையை என்னால் செய்ய முடிந்தது. சைக்கிள் இல்லாவிட்டால் எனக்கு அந்த வேலை இல்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

2012 வாக்கில் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் மணிமங்கலம் ஏரிக்கரை வரை கூட்டமாக ஓட்டிப் போகிறவர். அந்த வருஷம் பாதுகாப்பு வாரத்தில் கேன்டீனுக்கே தன் சைக்கிளைக் கொண்டுவந்து மேஜை மேல் ஏற்றி நிறுத்தினார். பெடல் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு துண்டு. அவருடைய ஷூவின் அடியில் இன்னொரு துண்டு. ஷூவைக் கையில் பிடித்து அந்தப் பெடலில் அழுத்திக் காட்டினார். டக்கென்று பூட்டிக்கொண்டது.

"சாதாரணப் பெடல்ல கீழ மிதிக்கும்போது மட்டும்தான் பவர். இதுல கால் லாக் ஆயிடுது. மேல இழுக்கும்போதும் பவர் கிடைக்கும். கால் வழுக்காது. ஒரு சுத்துல எந்த இடமும் வேஸ்ட் இல்ல. இதான் சிஸ்டம்" என்றார். எல்லாரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் கூடவே தட்டினேன். என் வண்டியைப் பற்றியல்லவா பேசுகிறார்! முதல்முறையாக அதற்கு ஒரு மேடையில் மரியாதை கிடைக்கிறது என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. சாப்பாட்டு நேரத்தில் பையன்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரே ரூமில் தங்கியிருந்த இரண்டு பேர். "அந்த சைக்கிளு இருக்க இருப்புக்கு வெறுங்கால வச்சி மிதிச்சாலும் பறக்கும்ல. சூவுல என்ன இருக்கு?" என்றான் ஒருவன். "கால பூட்டுனா கண்டிப்பா வேகம் வரும்ல. பந்தயமா?" என்றான் மற்றவன். வயர் கட்டுகிற கம்பெனியில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் கேபிள் டைக்குப் பஞ்சமில்லை. இழுத்தால் இறுகும், வெட்டினால்தான் விடும், அந்தப் பிளாஸ்டிக் பட்டை. பூட்டினால் வேகம் என்றவன் ஸ்டாண்டில் நின்ற ஒரு சைக்கிளில் ஏறி, பையன்கள் பிடித்துக்கொள்ள, தன் சேஃப்டி ஷூ இரண்டையும் கேபிள் டை போட்டுப் பெடலோடு இறுக்கிக்கொண்டான். இன்னொருவன் வேறொரு சைக்கிளில் சும்மா ஏறினான். ஷெட்டைச் சுற்றி ஒரு சுற்று.

கட்டியவன்தான் முந்தினான். ஆனால் அவன் கட்டாமலே எப்போதும் முந்துகிறவன், ஆகவே எதுவும் நிரூபணமாகவில்லை. ஜெயித்த பிறகுதான் இறங்க வழியில்லை என்பது அவனுக்கு உறைத்தது. நிறுத்தினால் விழுவான். நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே, "ஏ, கட்டர எடுத்துட்டு வாங்கல! கட்டரு! கட்டரு!" என்று கத்தினான். கட்டர் எடுக்கப் போனவர்கள் சிரித்துச் சிரித்து வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் கேட்டுக்குப் பக்கத்துப் புல்லில் சாய்ந்தான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். செக்யூரிட்டி அண்ணன்தான் போய் வெட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் என்னைக் கேட்டில் நிறுத்தினார்கள். சேஃப்டி ஆபீசர் நின்றிருந்தார். என் பெடலைக் குனிந்து பார்த்தார். செத்த எலியைப் பார்க்கிற பார்வை. "காலைப் பெடல்ல கட்டுற எந்த வண்டியும் இனிமே உள்ள வரக் கூடாதும்மா" என்றார்.

"சார், இது கட்டறது இல்ல. இப்டி இழுத்தா வந்துடும், பாருங்க" என்று பட்டையைப் பிரித்துக் காட்டினேன்.

"விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் இதுவரிக்கும் இங்க வுழுந்ததே இல்ல சார். கட்டாம ஓட்டினாத்தான் வுழுவேன்."

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்."

அப்போது மேனேஜர் தன் சைக்கிளில் வந்தார். அந்த வாரம் முழுக்க சைக்கிளில்தான் வருவேன் என்று அறிவித்திருந்தார். கேட்டின் குறுக்குக் கட்டை உயர்ந்தது, செக்யூரிட்டி சல்யூட் அடித்தார், மேனேஜர் இரண்டு காலும் பூட்டியபடி நிற்காமல் உள்ளே போனார். நான் ஆபீசரைப் பார்த்தேன். "அவரு காலும் பூட்டிக்கினுதானே கீது சார்?" என்றேன்.

ஆபீசர் கோபப்படவில்லை. ஒன்றும் தெரியாதவளுக்கு விளக்குகிற பொறுமையோடு சொன்னார்: "அது சிஸ்டம்மா. இது செருப்பு."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். நொண்டி என்று நேராகச் சொன்னவர்களைக்கூட மறந்திருக்கிறேன். இந்த இரண்டு வார்த்தையை மட்டும் மறக்க முடியவில்லை. அவர் கால் வழுக்கினால் அரை நிமிஷம் தாமதமாக மணிமங்கலம் போய்ச் சேருவார். என் கால் வழுக்கினால் நான் எங்கேயும் போய்ச் சேரமாட்டேன். பெடலும் ஷூவும் ஓட்டத்தைக் கூட்டுமா என்று கேட்டால், யாருடைய காலை வைத்துக் கேட்கிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில், "அப்புறம் மேனேஜர் விழுந்தாரா?" என்று ஆவலாகக் கேட்கிறார்கள். விழவில்லை. நன்றாக ஓட்டினார். நல்ல மனிதரும்கூட. அதுதான் இன்னும் எரிச்சல்.

சைக்கிளை வெளியே டீக்கடையில் விட்டுவிட்டு உள்ளே நடக்கத் தொடங்கினேன். கன்டெய்னர் லாரிகள் வருகிற போகிற ரோடு அது. தொடையை ஊன்றி ஊன்றிக் கை மரத்துப்போகும். மேஜையில் போய் உட்காரும்போது இடுப்பு விண்ணென்று தெறிக்கும். தினமும் லேட். சூப்பர்வைசர் முதலில் கண்டுகொள்ளாமல் இருந்தார், பிறகு மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்டார்கள். ஆபீசில் கூப்பிட்டு, வருகை சரியில்லாவிட்டால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னார்கள். பக்கத்தில் ஹாஸ்டல் பார்த்துக்கொள்ளலாமே என்று யோசனையும் சொன்னார்கள். என் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து போக எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அவர்கள் கேட்டில் இருந்தது.

என் பக்கத்து மேஜையில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஹாஸ்டல்காரி. அவள்தான் உசுப்பிவிட்டாள். "யக்கா, நீங்க ஏன் அவருகிட்ட போயி மல்லுக்கட்டுதீங்க? பெரிய சாருகிட்ட போங்க. சைக்கிளு ஓட்டுத ஆளுக்குத்தான் சைக்கிளு அருமை தெரியும்" என்றாள்.

போனேன். மேனேஜர் எழுந்து வந்து டீக்கடைக்கே நடந்து என் பெடலைப் பார்த்தார். தரையில் மண்டியிட்டுப் பார்த்தார். போனில் போட்டோ எடுத்தார். "பிரமாதம்மா! இது அப்படியே என் பெடலோட ஐடியா. நீயே பண்ணியா? இதைக் கைசனா போடலாம்" என்றார்.

வேலையைச் சுலபமாக்க யார் என்ன மாற்றம் செய்தாலும் எங்கள் கம்பெனியில் அதற்குக் கைசன் என்று பெயர். மாற்றத்துக்கு முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ எடுத்து போர்டில் மாட்டுவார்கள். "கைசன் ஓகே ஆயிட்டா அது அப்ரூவ் ஆன மாதிரி. அப்புறம் யாரும் உன்னைத் தடுக்க முடியாது" என்றார். நான் நம்பினேன்.

பின்னால் எடுக்கிற போட்டோ சுலபமாக முடிந்தது. முன்னால் எடுக்கிற போட்டோவுக்கு என்ன செய்வது? செருப்பைக் கழற்றிவிட்டு என்னை ஓட்டச் சொன்னார்கள். கால் வழுக்கி விழ வேண்டும், அது போட்டோவில் தெரிய வேண்டும். படம் எடுத்தது அதே சேஃப்டி ஆபீசர். "இன்னும் கொஞ்சம் வேகமா போம்மா... ஆங், இப்ப வழுக்கட்டும்... சே, சரியா விழல. இன்னொரு தடவை" என்றார். பெடல் திரும்பி வந்து எலும்பில் அடித்தது. மறுபடி ஓட்டினேன். மறுபடி அடித்தது. பள்ளிக்கூடத்தில் நான் தாண்டி வந்த வலியை, ஷெட்டுக்கு முன்னால், ஷிஃப்ட் விட்டு வருகிற அத்தனை பேரும் பார்க்க, கம்பெனி செலவில் திரும்ப நடத்திக் காட்டினேன். விழுந்தால் யார் பதில் சொல்வது என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

போர்டில் வந்தது. "இடது பாதம் நழுவுதல் தடுப்பு" என்று தலைப்பு. குழுத் தலைவர், சேஃப்டி ஆபீசர். உறுப்பினர்கள் என்று அடுத்தடுத்த ஆபீஸ்காரர்கள். என் பெயர் கடைசியில், "பயனாளி" என்ற இடத்தில். படத்தில் என் முகம் இல்லை, கால் மட்டும். எங்கள் வயரை வாங்குகிற கார் கம்பெனிக்காரர்கள், அதாவது கஸ்டமர், பார்வையிட வருகிறார்கள் என்று சைக்கிளையும் வாங்கிக்கொண்டார்கள். எந்த கேட்டில் என்னைத் தடுத்தார்களோ அதே கேட் வழியாக, இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் நடந்து போனேன்.

டிரெயினிங் ஹாலில் துடைத்து எண்ணெய் போட்டு நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் மஞ்சள் டேப். பழைய செருப்பு அழுக்காக இருக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று முடுக்கியிருந்தார்கள். யார் காலுக்கு அளவெடுத்தார்களோ தெரியாது, என் கால் இரண்டு அதற்குள் போகும். கஸ்டமர் வருகை தள்ளிப்போனது. பிறகும் தள்ளிப்போனது. என் தம்பி ஷிஃப்ட் ஒத்துவந்தால் வண்டியில் கொண்டு வந்து விட்டான். ஒத்துவராத நாளில் ஷேர் ஆட்டோவில் வந்து கேட்டிலிருந்து நடந்தேன். அப்ரூவல் என்ன ஆச்சு சார் என்று கேட்டால், "ப்ராஸஸ்ல இருக்கும்மா" என்றார் மேனேஜர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆபீசில் மறுபடியும் கூப்பிட்டார்கள். இன்னொரு முறை லேட் என்றால் வர வேண்டாம் என்றார்கள். கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். டிரெயினிங் ஹால் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று யோசித்ததாக ஞாபகமில்லை. மஞ்சள் டேப்பைத் தாண்டினேன். தலையில் இருந்த கம்பெனித் தொப்பியைச் சுருட்டி அந்தப் பெரிய செருப்புக்குள் திணித்தேன், கால் நின்றது. பட்டையை ஒட்டினேன். ஹாலுக்குள்ளேயே ஏறி மிதித்து, சாய்வுப் பாதையில் இறங்கி, ரோட்டுக்கு வந்தேன். "இன்னாமா, இன்னா பண்ற நீ!" என்று செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்தார். "என் வண்டி அண்ணா. வூட்டுக்குப் போறேன்" என்றேன். வெளியே போகிற வண்டியைத் தடுக்க அவரிடம் ரூல் இல்லை. கட்டையைத் தூக்கினார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "வேல போனா போவட்டும். வண்டிய மட்டும் வுடாத" என்றாள்.

மறுநாள் சைக்கிளிலேயே போனேன். கேட்டில் சேஃப்டி ஆபீசர் காத்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. "எங்கம்மா எடுத்துட்டுப் போனே? இன்னைக்குக் கஸ்டமர் வர்றாங்க! கொண்டா, நாங்க தள்ளிக்கிட்டுப் போறோம்" என்று ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

நான் இறங்கவில்லை. "தள்ள வுடமாட்டேன் சார். நான் ஓட்டிக்கினுதான் உள்ள வருவேன். ஓட்டக் கூடாதுன்னா இப்டியே திரும்பி வூட்டுக்குப் போயிடறேன். கஸ்டமருக்கு அந்த மஞ்ச டேப்ப காட்டுங்க" என்றேன். பின்னால் முதல் ஷிஃப்ட் கூட்டம் நின்றுவிட்டது. சங்கரன்கோவில்காரியின் குரல் கேட்டது: "யக்கா, எறங்காதீங்க!" கேபிள் டை பையன் விசில் அடித்தான். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார், கையை எடுத்தார்.

கட்டை உயர்ந்தது. நான் மிதித்துக்கொண்டு உள்ளே போனேன். எல்லாரும் எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்றார்கள். என்ன நியாயம்? என் காலுக்காகத் திறக்காத கேட் கஸ்டமர் கண்ணுக்காகத் திறந்தது, அவ்வளவுதான். கஸ்டமர் வந்தார்கள், போர்டைப் பார்த்தார்கள், போனார்கள். சாயங்காலம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டேன், அதன் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

2015-ல் நான் அந்த வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் அந்த அப்ரூவல் வரவில்லை. ஓட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை, கூடாது என்றும் மறுபடி சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் கட்டையைத் தூக்குவதற்கு முன்னால் கேட்டில் இருப்பவர் ஒரு விநாடி என் பெடலைப் பார்ப்பார். அந்த ஒரு விநாடியும் நான் வலது காலைத் தரையில் ஊன்றி, இடது காலைச் செருப்பிலிருந்து எடுக்காமல் நிற்பேன்.